நெகிழிக் கேடும் நமது பந்தி ஒழுக்கமும்

(நமது சங்கத்தின் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிக் கிளையார் ஒருங்கு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குப் பேசுமாறு பணிக்கப்பெற்ற பொருள், நெகிழிக் குப்பையால் நம் ஊர்களுக்கு விளையும் கேடு என்பதாகும். பிளாஸ்டிக் என்று உலகோர் வழங்கும் பொருளையே தமிழறிஞர் நெகிழி எனப் பெயரிட்டு அழைக்கின்றனர். கல்வி, கலியாணம், கைத்தொழில், மாணவர் விடுதி, தருமநிதி ஆகியவற்றை ஆராய்தற்கன்றோ குலச்சங்கம் கூடுவது. குப்பையைப் பற்றிப் பேசுதற்கு நகராண்மை மன்றங்கள் இருக்க, இங்கு இவ்விஷயம் எதற்கு என்று அன்பர் சிலர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. ஆதலின் அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்லுதல் முறையாகும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பற்பல குலத்தாரும் சங்கங்கள் கண்டபோது, அவர்கள் பெரிதும் கவலையுற்றது வீட்டு வழக்கங்களைப் பற்றியே. கலியாணச் செலவைச் சுருக்க வேண்டும், மதுவை விலக்க வேண்டும், சிறுமியர்க்கு மணம் செய்தலாகாது, பெண் மக்களையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பன போன்றவையே அக்காலத்துப் பேச்சுகளிலும் பத்திரிகைகளிலும் நிறைந்திருந்தன. 1929-ஆம் ஆண்டில் பால்ய விவாகத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும், சட்டம் பிறந்த மறுநாளே வழக்கம் மாறிவிடவில்லை. ஊர்தோறும் பெரியோர் எடுத்துரைத்து, முதலில் ஒரு வீட்டார் துணிந்து, அவரைக் கண்டு பத்து வீட்டார் பின்பற்றி, இறுதியில் பழைய வழக்கத்தைச் செய்தற்கு நாணும் நிலைமை வந்த பின்னரே அது மெல்ல மெல்லத் தளர்ந்தது. சட்டம் வாயிற்படியில் நிற்கும். அதனை உள்ளே அழைத்து உட்கார வைப்பவர் உற்றார் உறவினரே.

நெகிழி விஷயத்திலும் இன்று நாம் காண்பது இந்நிலைமையே. சட்டம் இருக்கின்றது, வழக்கம் மாறவில்லை. அவ்வழக்கம் மிகுதியாக வெளிப்படும் இடங்களோ கலியாணம், காதுகுத்து, ஆடித் திருவிழா, சங்கத்து ஆண்டு விழா முதலிய நம் கூட்டங்களே. ஆகவே இப்பொருள் நம் சங்கத்துக்கே உரியது என்பது எமது துணிபு.

நிற்க. முதற்கண் நெகிழியின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 1907-ஆம் ஆண்டில் பேக்லண்ட் என்னும் இரசாயன நூலறிஞர் அமெரிக்காவில் பேக்லைட் என்னும் செயற்கைப் பொருளைக் கண்டறிந்தார். 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து இரசாயனக் கம்பெனி ஒன்றில், வேறொன்றை ஆராயுங்கால் வெண்மெழுகு போன்றதொரு பொருள் தற்செயலாகக் கிடைத்தது. அதுவே பாலித்தீன். 1965-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்துக் கம்பெனி ஒன்று பாலித்தீனால் கைப்பிடியுள்ள பை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. இன்று காய்கறிக் கடையிலும் மீன் அங்காடியிலும் நம் கையில் தொங்கும் பைக்கு மூதாதை அதுவே.

நெகிழி முற்றும் தீயது என்று யாம் கூறோம். குருதி சேமிக்கும் பையும், மருந்து செலுத்தும் குழலும், மின்கம்பியின் உறையும், வீட்டு நீர்க்குழாயும் அதனால் ஆனவையே. பல்லாண்டு நிலைத்திருக்க வேண்டிய இடத்தில் அது நற்றுணை. எளிதில் மட்காமையே அதன் சிறப்பு. ஆனால் அச்சிறப்பே, ஒரு வாய் நீர் பருகி எறியும் தம்ளரிலும், கடையினின்று வீடு வரும் வரையில் மட்டும் வேண்டப்படும் பையிலும் பெருங்கேடாக மாறிவிடுகின்றது. கால் நாழிகைத் தேவைக்கு, நம் பேரன் காலம் வரையில் அழியாத பொருளைப் பயன்படுத்துதல் அறிவுடைமையாகுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

அக்கேடு எத்தன்மையது என்பதை விளக்க, நம் அண்டை ஊரில் நிகழ்ந்த ஒரு செய்தியையே எடுத்துக் கூறுவோம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயிலை அறியாதார் நம்மில் இலர். முல்லைக் கொடி தொண்டைமானுடைய யானையின் காலைப் பிணித்த தலம். சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற தலம். அங்குள்ள இறைவனுக்குத் திருநாமம் மாசிலாமணியீசர். மாசில்லாத மணி என்று கடவுளைப் போற்றும் அவ்வூரிலிருந்து 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு பசு, வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பெற்றது. கன்று ஈன்று சில வாரங்களே ஆகியிருந்தன. பால் குறைந்துவிட்டது; சாணமும் நீரும் கழிக்க இயலாது தவித்தது; நோவு பொறாது பின்னங்காலால் தன் வயிற்றைத் தானே உதைத்துக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் அறுவைச் சிகிச்சை செய்து, அதன் வயிற்றிலிருந்து வெளியே எடுத்த நெகிழிக் குப்பை 52 கிலோ.

அன்பர்களே, ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. அதனினும் மிகுந்த சுமையை அவ்வாயில்லாச் சீவன் தன் வயிற்றுக்குள் சுமந்து திரிந்தது. மெல்லிய பை ஒன்றின் எடை ஐந்து கிராம் என்று கொண்டால், 52 கிலோ என்பது பதினாயிரத்துக்கு மேற்பட்ட பைகளாகும். ஒரு நாளில் ஒருவர் எறிந்ததன்று அது. பல தெருக்களில் பல நாள் பலரும் எறிந்தது.

இது நிகழும் விதம் யாதெனில்: மீந்த சோற்றையும் குழம்பையும் காய்கறித் தோலையும் நாம் ஒரு பையில் இட்டு, நாற்றம் வெளிவராதவாறு இறுக முடிந்து தெருமுனையில் எறிகின்றோம். பசுவுக்கு உள்ளிருக்கும் உணவின் மணம் தெரிகின்றது. முடிச்சை அவிழ்க்கும் கை அதற்கு இல்லை. ஆதலின் பையோடு விழுங்குகின்றது. பசு மென்றதை முதல் இரைப்பையில் சேர்த்து வைத்துப் பின்னர் அசை போடும் பிராணி என்பது யாவரும் அறிந்ததே. புல்லும் வைக்கோலும் அங்கே ஊறிச் செரிக்கும். நெகிழியோ செரிக்காது, அசைக்கு மேலே வாராது, சாணத்தோடு கீழேயும் போகாது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பந்து பந்தாகத் திரண்டு இரைப்பையை நிரப்பிவிடும். அதன் பின் தீனிக்கு இடம் ஏது? வயிறு நிறைந்திருக்க, உடல் பட்டினியால் மெலியும்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணந் தீட்டிப் பொங்கலிட்டு வழிபடும் கைகளே, அடுத்த நாள் எச்சிற் சோற்றைப் பையில் முடிந்து எறிகின்றன. அந்த 52 கிலோவில் நம் வீடுகளின் பங்கு எத்துணை என்று யாராலும் பிரித்துக் கூற இயலாது. நம் பங்கு அதில் இல்லை என்று கூறவும் நம்மால் இயலாது.

இனி நீர்நிலைகளை நோக்குவோம். நம் பகுதி ஏரிகளால் வாழ்ந்த நாடு. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் ஏரியின் பெயரும் உடன் வரும். அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரத்துப் பக்கமுள்ள ஏரிக்கும் செல்லுமாறு ஒரு சங்கிலி போல் முன்னோர் அமைத்தனர். ஏரிக்குக் கரை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் வரத்துக் காலும் கலங்கலும். வருகின்ற நீருக்கு வழியும், மிகுகின்ற நீருக்குப் போக்கும் இருந்தால்தான் ஏரி ஏரியாக இருக்கும்.

ஒரு பை கால்வாயில் விழுந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கின்றனர். அப்பை பாலத்தின் கம்பியிலோ குழாயின் வாயிலோ சிக்கிக்கொள்கின்றது. வலை போல் விரிந்து, வருகின்ற சருகையும் சேற்றையும் பிற பைகளையும் பிடித்து நிறுத்துகின்றது. இலையும் தழையும் மாத்திரம் அடைத்திருந்தால் நாளடைவில் அழுகி வழிவிடும். நெகிழி அழுகுவதில்லை. ஆதலின் அடைப்பு ஆண்டுதோறும் தடிக்கின்றது. மண்ணில் புதைந்தாலோ, படலம் போல் பரவி மழைநீர் நிலத்துள் இறங்குவதைத் தடுக்கின்றது. கோடையில் கிணறும் குழாய்க் கிணறும் வற்றியபோது நாம் வானத்தை நோக்குகின்றோம். காலடி மண்ணையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்து வெள்ளம் நம் நினைவைவிட்டு அகலாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் மூழ்கி, இயந்திரங்களும் சரக்குகளும் பாழாயின. கொரட்டூர்த் தெருக்களில் வெள்ளம் நின்றது. இவற்றுக்கெல்லாம் நெகிழி ஒன்றே காரணம் என்று கூறுதல் உண்மைக்குப் புறம்பாகும். கால்வாய்களைத் தூர்த்து வீடு கட்டியமையும், ஏரிப் புறம்போக்கு சுருங்கியமையும், மழை அளவுக்கு மிஞ்சியமையும் பெருங்காரணங்கள். ஆயினும், எஞ்சி நின்ற குறுகிய வழியையும் அடைப்பது நெகிழி. நோயாளியின் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பானது அது.

பிற தேசத்தார் இதனை அநுபவத்தால் அறிந்தனர். வங்காளதேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் வடிகால்களைப் பாலித்தீன் பைகள் அடைத்துக் கேட்டைப் பெருக்கின என்று கண்டு, 2002-ஆம் ஆண்டில் அத்தேசத்தார் மெல்லிய பைகளை அடியோடு விலக்கினர். உலகில் இவ்வாறு தேசம் முழுமைக்கும் விலக்கு விதித்தவர் முதலில் அவர்களே. பம்பாயில் 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியபோதும், வடிகால்களில் அடைந்திருந்த பைகளைப் பற்றிய பேச்சே எங்கும் எழுந்தது.

கூவம் ஆற்றின் கதையோ இன்னும் இரங்கத்தக்கது. பூவிருந்தவல்லிக்கு அணித்தாய்த் திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு கிழக்கே சென்று, நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கும் ஆறு அது. மேற்கே நாம் எறிவது கிழக்கே கடலைச் சேருகின்றது. மிதந்து வரும் குப்பையைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்புகளைச் சென்னை மாநகராட்சியார் கட்டியுள்ளனர். ஆற்றுக்கு வேலி கட்டிக் குப்பையை வாரும் காலம் வந்துவிட்டமை நம் பெருமைக்கு உரியதன்று. கடலைச் சேர்ந்த நெகிழி வெயிலாலும் அலையாலும் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகின்றது. மீன் அதனை உண்கின்றது. மீனை நாம் உண்கின்றோம். 2022-ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் மனிதருடைய இரத்தத்திலும் இத்துகள்களைக் கண்டு வெளியிட்டனர்.

எரித்துவிட்டால் தொல்லை தீருமே என்பர் சிலர். நெகிழியைத் தெருவில் எரித்தால் நச்சுப் புகை எழும். குழாயும் பதாகையும் செய்யப் பயன்படும் பி.வி.சி. என்னும் வகையை எரித்தாலோ டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். 2018-ஆம் ஆண்டுப் போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் எழுந்த புகையாலும் மூடுபனியாலும் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க இயலாது தடைப்பட்டன என்பது நினைவிருக்கலாம். பழையன கழிதல் என்பது பழம்பாயையும் துடைப்பத்தையும் குறித்த வழக்கு. டயரையும் பாலித்தீனையும் கொளுத்தித் தொட்டிற் குழந்தையின் மூச்சில் நஞ்சூட்டுதல் எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

நிற்க. அரசாங்கத்தார் வாளா இருந்தனர் என்று கூறுதற்கில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்கள் சட்டமன்றத்தில் அறிவித்து, அம்மாதமே அரசாணை பிறந்து, 2019 ஜனவரி 1-ஆம் நாள் முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பண்டங்கள் தமிழ்நாட்டில் விலக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 2022-ஆம் ஆண்டில் கோயம்பேட்டு அங்காடியில் பத்து ரூபாய் நாணயத்தை இட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் மத்திய அரசாங்கத்தாரும் தட்டு, தம்ளர், கரண்டி, உறிஞ்சு குழல் முதலியவற்றை நாடு முழுமைக்கும் விலக்கினர்.

இத்தனை சட்டங்கள் இருந்தும், நம் அங்காடித் தெருக்களில் பை தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றது. காரணம் யாது? கடைக்காரரைக் கேட்டால், ‘பை இல்லையென்றால் வாங்குவோர் அடுத்த கடைக்குப் போய்விடுகின்றனர்’ என்கின்றார். வாங்குவோரைக் கேட்டால், ‘கடைக்காரர் கொடுக்கின்றார், வாங்குகின்றோம்’ என்கின்றார். இருவரும் ஒருவரையொருவர் சுட்டி நிற்க, பை இருவர்க்கும் நடுவே கைமாறுகின்றது. இச்சுழலை அறுக்க வல்லது, பலர் ஒருங்கே ஒரு நாளில் செய்துகொள்ளும் உடன்பாடு. அத்தகைய உடன்பாடு செய்தற்கென்றே ஏற்பட்டது சங்கம்.

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறுதல் கடமை.

முதலாவது: ‘நெகிழியை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாமே’ என்பது. நன்று. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் அவர்கள், நெகிழிக் குப்பையைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டு, 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழர் யாவர்க்கும் பெருமை தரும் செய்தி அது. ஆயினும் உலகக் கணக்கைப் பாருங்கள். 2015-ஆம் ஆண்டு வரையில் உலகில் செய்யப்பெற்ற நெகிழி ஏறத்தாழ 830 கோடி டன். அதில் குப்பையானது ஏறத்தாழ 630 கோடி டன். அக்குப்பையில் மறுசுழற்சி பெற்றது நூற்றுக்கு 9 பங்கே. எரிக்கப்பட்டது 12 பங்கு. எஞ்சிய 79 பங்கும் குப்பை மேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கின்றது. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கணக்கு இது. குழம்பு படிந்த மெல்லிய பையை எவரும் விலைக்கு வாங்கார். ஆதலின் அது மறுசுழற்சிக்குப் போவதும் அரிது. வெள்ளம் வீட்டில் புகுந்தபோது, முதலில் நீரை இறைப்பதா, குழாயை மூடுவதா? இறைப்பதும் நன்றே, குழாயை மூடிய பின்பு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அதனைக் கூறுவோர் இச்சபையிலேயே இருக்கின்றனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நெகிழி வார்ப்புத் தொழிலால் பிழைக்கும் சகோதரரும், மொத்த வியாபாரத்தில் பையும் தம்ளரும் விற்கும் சகோதரரும் நம்மில் உளர். ‘எங்கள் வயிற்றில் அடிப்பதற்கோ சங்கம்?’ என்று அவர்கள் வினவினால், அவ்வினாவைப் புறக்கணித்தல் ஆகாது. வாகன உறுப்புகளும், மின்கருவிகளும், குழாய்களும் வார்ப்போருக்கு இவ்விலக்கால் யாதொரு தடையும் இல்லை. எறியும் பண்டங்களைச் செய்தவர்க்கும் விற்றவர்க்கும் இடையூறு உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவர்களை வசைகூறி ஒதுக்குதல் எளிது. கைதூக்கி விடுதலே சங்கத்தின் வேலை. தருமநிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் தந்து, துணிப்பை தைத்தலுக்கோ, பாக்குமட்டைத் தட்டு அழுத்தலுக்கோ, நெடுநாள் நிற்கும் பண்டங்களை வார்த்தலுக்கோ அவர்கள் மாறுதற்கு உதவ வேண்டும். அவ்வுதவியின்றி அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

இனி, எம் பேச்சின் கருப்பொருளாகிய பந்திக்கு வருவோம். பந்தி நம்மவர்க்குப் பெருமை தரும் இடம். வந்தாரை வாழையிலையில் அமர்த்தி உபசரிப்பது நம் மரபு. அப்பந்தி இன்று எவ்வாறு இருக்கின்றது? மேசை மீது விரிப்பது நெகிழித் தாள். நீர் கொடுப்பது கையடக்கப் புட்டியில். அதிலும் இரண்டு மிடறு குடித்துவிட்டு எழுந்து போவோரே மிகுதி. பாயசத்துக்கு ஒரு கிண்ணம், குளிர்ந்த பாலேட்டுக்கு ஒரு கிண்ணமும் கரண்டியும், காப்பிக்கு ஒரு காகிதக் கோப்பை. காகிதக் கோப்பை காகிதமே என்று எண்ணுவோர் பலர். அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் பூச்சு இருக்கின்றது. இன்றேல் காப்பி ஊறி ஒழுகிவிடும். சில இடங்களில் வாழையிலையே போய், வாழையிலை போல் பச்சை அச்சிட்ட, நெகிழி பூசிய தாள் வந்துவிட்டது. இலை விளையும் நாட்டில் இலைக்குப் போலி செய்து இடுகின்றோம்!

இறுதியில் தாம்பூலப் பை. துணிப்பை கொடுக்கின்றோம் என்று மகிழ்ந்து நாம் வழங்கும் அப்பைகளில் மிகுதியானவை நெய்த துணியே அல்ல. தொட்டால் துணி போலத் தோன்றும் அது பாலிப்புரொப்பிலீன் என்னும் நெகிழி இழையை அழுத்திச் செய்தது. 2019-இல் விலக்கப்பெற்ற 14 வகைகளுள் அத்தகைய நெய்யாப் பையும் ஒன்று என்பதைப் பலர் அறியார். உண்மைத் துணியில் ஊடும் பாவும் தெரியும். ஒரு நூலை இழுத்தால் பிரியும். இச்சோதனையை நம் தாய்மார்கள் கடையிலேயே செய்து பார்க்கலாம்.

ஆயிரம் பேர் உண்ணும் கலியாணத்தில் தலைக்கு ஆறு பண்டம் என்று கொண்டால், ஒரு வேளையில் ஆறாயிரம் பண்டங்கள் குப்பையாகின்றன. அவற்றை அள்ளுபவர் யார்? மணமக்கள் உறங்கச் சென்ற பின்னர், துப்புரவுத் தொழிலாளர் வந்து, எச்சிற் சோறும் புட்டியும் கிண்ணமும் கலந்து நாறும் குவியலைக் கையால் பிரிக்கின்றனர். மட்குவதையும் மட்காததையும் பிரித்துத் தருதல் குப்பையை உண்டாக்குவோரின் கடமை என்று 2016-ஆம் ஆண்டில் வந்த விதிகளே கூறின. பிரிக்கப்படாதது லாரியேறிப் போகின்றது. அம்பத்தூர் மண்டலத்துக் குப்பை நெடுங்காலம் போய்ச் சேர்ந்த இடம் கொடுங்கையூர்க் குப்பை மேடு. அங்கும் மனிதர் குடியிருக்கின்றனர். அவர்கள் வீட்டிலும் கலியாணம் நடக்கின்றது. நம் குலப்பெருமை பிறர் கையில் எச்சிலாகப் போய்ச் சேருமாயின், அதனைப் பெருமை என்று எங்ஙனம் கூறுவது?

பதாகைகளைப் பற்றியும் ஒரு சொல். மணமக்கள் படத்தோடு, நம் சங்கத் தலைவர்கள் படத்தையும் சேர்த்து, தெரு அடைக்க ஃபிளெக்ஸ் பதாகை வைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. அப்பதாகையும் பி.வி.சி. பூசியதே. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கலியாணப் பதாகை சரிந்து, சாலையில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்த கொடுமையை நாடறியும். கலியாணத்துக்கு வந்தவர்க்கு மண்டபத்தின் வழி தெரிய ஒரு சிறு துணித்தட்டி போதும்.

ஆகவே, இக்கூட்டத்தார் ஆலோசித்து நிறைவேற்றுமாறு ஐந்து தீர்மானங்களைப் பணிவுடன் பிரேரேபிக்கின்றோம்.

ஒன்று: சங்கத்தின் ஆண்டு விழாவிலும் கிளைக் கூட்டங்களிலும் எறியும் நெகிழிப் பண்டம் எதனையும் உபயோகித்தல் கூடாது. பிறருக்கு உபதேசிக்குமுன் சங்கம் தானே செய்து காட்டுக.

இரண்டு: ஒவ்வொரு கிளையும் ஆயிரம் எவர்சில்வர் தம்ளர்களும் கிண்ணங்களும் வாங்கி வைத்து, கலியாணம் செய்யும் அங்கத்தினர்க்கு வாடகையின்றித் தருக. துலக்குவோர்க்குரிய கூலியை மட்டும் கலியாண வீட்டார் கொடுக்க. புட்டி நீருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிக்கனமாகவே முடியும்.

மூன்று: தாம்பூலப் பை வேண்டுவோர், நம் மாதர் கழகத்தார் தைக்கும் பருத்திப் பையையே வாங்குக. ஆதரவற்ற சகோதரியர்க்கு அது பிழைப்பாகவும் ஆகும்.

நான்கு: ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் நாம் வார்க்கும் கூழ், நெகிழித் தம்ளரில் வார்க்கப்படாதிருக்க. முன்னெல்லாம் கூழ் பெறுவோர் வீட்டினின்று சொம்பும் தூக்குப் பாத்திரமும் கொண்டு வந்தனர். பாத்திரம் கொண்டு வருமாறு துண்டறிக்கையிலேயே அறிவிக்கலாம். கொண்டு வாராத வழிப்போக்கர்க்குத் தையல் இலைத் தொன்னை போதும்.

ஐந்து: எச்சிற் சோற்றைப் பையில் முடிந்து எறியும் வழக்கத்தை நம் இல்லங்கள் தோறும் இன்றே விடுக. இலையும் சோறும் ஒரு கூடையில், பிறவெல்லாம் மற்றொரு கூடையில் என்று பிரித்துத் தருக. வேறு நான்கையும் செய்ய இயலாதவர் இவ்வொன்றை மாத்திரம் செய்தாலும், தெருவில் திரியும் பசுக்கள் வாழ்த்தும்.

இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல, மானக்கேடும் அல்ல. ஆயினும் முதலில் செய்பவருக்குச் சிறிது துணிவு வேண்டும். ‘புட்டி நீர் வைக்கவில்லை, கஞ்சத்தனம்’ என்று சம்பந்தி வீட்டார் பேசுவர் என்னும் அச்சமே நம்மைத் தடுக்கின்றது. அவ்வச்சத்தைத் தனி ஒருவர் வெல்லுதல் அரிது. சங்கத் தீர்மானம் என்று ஒன்று இருக்குமாயின், ‘எங்கள் சங்கத்துக் கட்டளை இது’ என்று அவர் நிமிர்ந்து கூறலாம். மணப்பந்தலில் ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே தம்ளர் என்றாகும்போது, கடன் பட்டு ஆடம்பரம் செய்யும் வழக்கமும் சிறிது தணியும்.

சீர்திருத்தத்துக்குப் பயன் உண்டு என்பதற்குச் சான்று தொலைவில் தேட வேண்டுவதில்லை. ஆவடியிலுள்ள பருத்திப்பட்டு ஏரி கழிவுநீரும் ஆகாயத் தாமரையும் நிறைந்து கிடந்தது. சீர்செய்யப்பெற்று 2019-ஆம் ஆண்டில் பூங்காவும் நடைபாதையுமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. கொரட்டூரில் ஏரியைக் காக்க வேண்டும் என்று ஊர்மக்களே திரண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்றனர். வேப்பேரியில் மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றை ஒரு முறை தூய்மை செய்தனர். அவ்வயிறு மறுபடியும் நிறையாதிருத்தல் நம் தெருக்களின் கையில் இருக்கின்றது.

பிரேரணைகளை ஆராய்ந்து, குறையிருப்பின் திருத்தி, இக்கூட்டம் கலையுமுன் ஒருமனதாக நிறைவேற்றுமாறு வேண்டி அமைகின்றோம். நம் ஊர் ஏரிகள் நிறைக! கன்றுகாலிகள் வாழ்க!